கித்துள் நீரும் கண்டி நாடும்

1505ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரின் மரக்கலங்கள் கொழும்புத் துறையில் வந்து ஒதுங்கின. துறையில் நின்றோர் அவர்களைக் கண்டு வியந்து, கோட்டை மன்னனிடம் விரைந்து சென்று சொல்லிய செய்தி 'இராசாவலிய' என்னும் சிங்கள வரலாற்று நூலிலே பதிவாகியிருக்கிறது. வந்தவர்கள் வெண்ணிற மேனியர். இரும்புச் சட்டையும் தொப்பியும் தரித்தவர். ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல் அங்குமிங்கும் உலாவுபவர். கல்லைத் தின்று குருதியைக் குடிப்பவர். இதுவே அச்செய்தியின் சாரம். கல் என்று கருதப்பட்டது அவர்கள் உண்ட ரொட்டி. குருதி என்று கருதப்பட்டது அவர்கள் அருந்திய செந்நிறத் திராட்சை மது. ஐரோப்பாவின் திராட்சை மதுவைப் பற்றி இந்நாட்டு மக்கள் முதன்முதலாகச் சொல்லிய சொல்லாக நூல்களிலே நிலைத்துவிட்டது இந்த அச்சச் சொல்லேயாகும்.

இதனைக் கொண்டு, இத்தீவிலுள்ளோர் மது என்பதையே அறியாதவர் என முடிவு செய்தல் பொருந்தாது. தென்னை, பனை, கித்துள் ஆகிய மூன்று மரங்களின் பாளையிலிருந்தும் இனிய நீரை இறக்கும் கலை இங்கு பன்னெடுங்காலமாக நிலவி வந்தது. கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்திலோ, யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டியன் அருந்திய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலே 1945ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்வாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. வெளிநாட்டு மது அரசனின் பொற்கலத்தை அடைந்தது. உள்நாட்டு மதுவோ மலையிலேயே விளைந்தது. மலைக்குறவர் மூங்கிற் குழாயிலே தேனைப் பெய்து முற்றவைத்த தேறலைச் சுற்றத்தாரோடு உண்டதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. மலைக்கு மலை ஒரு மது உண்டு. கண்டி மலைநாட்டுக்கு உரியது கித்துள்.

கண்டியரசின் வரலாற்றிலே திராட்சை மது ஒருமுறை பெருங்கேட்டுக்குக் காரணமாயிற்று. அக்கதை அறியத்தக்கது. 1592ஆம் ஆண்டு முதல் 1604ஆம் ஆண்டு வரை கண்டியை ஆண்டவன் முதலாம் விமலதர்மசூரியன். கொனப்பு பண்டார என்பது அவனது இளமைப் பெயர். போர்த்துக்கேயரிடையே வளர்ந்து, கோவாவிலே பயின்று, ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்கு இடப்பட்ட பெயர் 'ஆஸ்திரியாவின் தொன் ஜுவாவோ' என்பதாகும். 1571இல் லெப்பாந்தோக் கடற்போரை வென்ற ஸ்பானிய அரச குமாரனின் பெயர் அது. ஸ்பெயின் நாட்டு வீரனின் பெயரைத் தாங்கிய ஒருவன், பின்னர் அப்பெயரையும் அம்மதத்தையும் துறந்து, கண்டியின் அரியணையில் அமர்ந்து, ஸ்பானிய முடிக்குக் கீழிருந்த போர்த்துக்கேயரையே எதிர்த்துப் போராடினான். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குள் இருந்தமை ஈண்டு நினைவுகூரத் தக்கது. எனவே, ஐரோப்பியரின் பந்தி முறையும் பானமும் இம்மன்னனுக்குப் புதியன அல்ல.

போர்த்துக்கேயரை ஓட்டுதற்குத் துணைதேடிய மன்னன் ஒல்லாந்தருடன் நட்புப் பூண்டான். அவர்களுள் ஒருவன் செபால்ட் டி வேர்ட் என்னும் கடற்றலைவன். 1603ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் கரையில் மன்னனுக்கும் அவனுக்கும் சந்திப்பு நிகழ்ந்தது. கைப்பற்றிய போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்தோரை அவன் விடுவித்துவிட்டதால் மன்னன் முன்னரே ஐயமுற்றிருந்தான். தன் கப்பலுக்கு வருமாறு தலைவன் அழைத்தான். மன்னன் மறுத்து, அரசி தனித்திருக்கிறாள், தான் திரும்பவேண்டும் என்றான். அப்பொழுது மதுவின் மயக்கத்திலிருந்த டி வேர்ட் அரசியைக் குறித்து இழிசொல் ஒன்று கூறினான் என்று ஒல்லாந்த நூல்கள் கூறுகின்றன. மன்னன் சினந்தான், அவனைக் கட்டுமாறு ஆணையிட்டான். அந்தக் கணத்திலேயே தலைவனும் உடன்வந்தோர் பலரும் வெட்டுண்டு மாண்டனர்.

அதன்பின் மன்னன் ஒல்லாந்தருக்குப் போர்த்துக்கேய மொழியிலே எழுதியனுப்பிய ஓலை மிகச் சிறியது. மது அருந்துபவன் நல்லவனல்லன் என்றும், கடவுள் நீதி வழங்கிவிட்டார் என்றும், சமாதானம் வேண்டுமாயின் சமாதானம், போர் வேண்டுமாயின் போர் என்றும் அதிற் கண்டிருந்தது. திராட்சை மதுவை அறிந்த ஓர் அரசன் அதனைப் பற்றி வழங்கிய தீர்ப்பு இது. தூதின் இடையே மது புகுந்தமையால் ஒரு நட்புறவே அறுந்தது.

மன்னன் பழித்தது மயக்கத்தைத்தான், மரத்தையன்று. அவனது நாட்டிலே கித்துள் எத்துணைச் சிறப்புடன் போற்றப்பட்டது என்பதற்கு நற்சான்று தருபவர் இராபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்ட அவர், 1679ஆம் ஆண்டில் தப்பியோடும் வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்துள் வாழ்ந்தார். உடுநுவரப் பகுதியிலுள்ள எலதத்த என்னும் ஊரிலே வீடு கட்டித் தோட்டம் வைத்திருந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸ் கித்துள் மரத்தை உற்றுநோக்கியே எழுதியிருக்கிறார். அதிலிருந்து வடியும் நீருக்குத் 'தெலிஜ்ஜ' என்னும் சிங்களப் பெயரையும் குறித்திருக்கிறார். அது நாவுக்கு மிக இனியது, உடலுக்கு நலந்தருவது, ஆயினும் தண்ணீரைவிட வலியது அன்று. நாளுக்கு இருமுறையும், நல்ல மரமாயின் மும்முறையும் இறக்குவர். சாதாரண மரம் ஒன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் நீர் தரும். அதனைக் காய்ச்சிப் பழுப்பு நிறச் சர்க்கரை ஆக்குவர். நொக்ஸ் தரும் விவரம் இவ்வாறு அமைகிறது. மரத்தின் கருநார் இரும்புக் கம்பிபோல் வலியது என்பதையும், வைரமேறிய கட்டை நெல் குற்றும் உலக்கையாகும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. குடிவெறியைக் கண்டி மக்கள் பெரிதும் வெறுத்தனர் என்று இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறார். இவ்விரண்டு குறிப்பையும் ஒருங்குவைத்து நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். இனிய நீர் ஏராளமாக வடியும் நாட்டிலே மக்கள் குடியராகவில்லை. நீரிற் பெரும்பகுதி சட்டியிலேறிப் பாணியாகவும் கருப்பட்டியாகவும் மாறியது.

கித்துளைத் தமிழகத்தார் கூந்தற்பனை என்பர். பூங்குலை பெண்ணின் விரித்த கூந்தல்போலத் தொங்குவதால் வந்த காரணப்பெயர் அது. தென்னையையும் பனையையும்போல் இதனை வரிசையாக நட்டு வளர்க்கும் வழக்கம் கண்டியில் இருந்ததில்லை. பலா, கமுகு, மிளகு, கோப்பி, வாழை ஆகியன நெருங்கி வளரும் வீட்டுத் தோட்டத்திலும், காட்டின் ஓரத்திலும் அது தானே முளைக்கும். விதையைத் தூவும் உழவன் மரநாய். பழுத்த கனியைத் தின்று இரவில் அலையும் அவ்விலங்கு, விதையை ஆங்காங்கே இட்டுச் செல்கிறது. கித்துள் வளர்ந்த இடங்கள் ஊர்ப்பெயராகவும் நிலைத்தன. கித்துல்கல என்னும் ஊர்ப்பெயருக்குக் கித்துட்பாறை என்பதே பொருள். இம்மரத்தின் எந்தப் பகுதியும் வீண்போவதில்லை. தண்டின் உட்சோற்றிலிருந்து எடுக்கும் மா கஞ்சியாகும். ஓலை யானைக்கு உணவாகும். ஆடித் திங்களையொட்டிக் கண்டியிலே நிகழும் எசல பெரகராவுக்கு வரும் யானைகளுக்கு முன்னே குவிந்து கிடக்கும் பச்சையோலையிற் பெரும்பங்கு கித்துளோலையே.

மரம் பூப்பதற்கு 10 முதல் 15 ஆண்டுகள் செல்லும். முதற் குலை உச்சியில் தோன்றும். அடுத்தது அதற்குக் கீழே. இவ்வாறு ஆண்டுதோறும் குலைகள் கீழ்நோக்கி இறங்கிவரும். கடைசிக் குலை பூத்துக் காய்த்ததும் மரம் பட்டுவிடும். ஒருமுறை வாழ்ந்து, சில ஆண்டுகள் ஈந்து, மடியும் மரம் இது.

சீவுந் தொழிலிலே பனைக்கும் கித்துளுக்கும் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளி பனையின் பாளையைக் கட்டித் தட்டிச் சீவி முட்டி கட்டுவான். கண்டித் தொழிலாளியோ, பூங்குலை விரிவதற்கு முன்னரே அதன் அடியில் சிறு துளையிட்டு, மருந்து வைத்துக் கட்டுவான். மிளகு, மிளகாய், சாம்பல், சுண்ணாம்பு, உப்பு முதலியன சேர்ந்த கலவை அது. அளவும் சேர்மானமும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். தந்தை மகனுக்கன்றிப் பிறருக்குச் சொல்வதில்லை. சில நாட்களின்பின் குலையின் நுனியைக் கூரிய கத்தியால் மெல்லிய ஏடாக அரிவான். நீர் துளிக்கத் தொடங்கும். அதன்பின் காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் ஓர் ஏடு அரிந்து, பானையை மாற்றவேண்டும். ஒரு குலை வாரக்கணக்காகவும் சிலவேளை மாதக்கணக்காகவும் சுரக்கும். சிங்களவர் இத்தொழிலைப் 'பூ வெட்டுதல்' என்றே வழங்குவர். மரமோ 50 அடிக்கு மேலும் உயரும். தண்டிலே குறுக்குக் கட்டைகளைக் கொடியாற் கட்டி ஏணியாக்கி ஏறுவர். மழை நாளில் வழுக்கும். கட்டு இற்றால் கீழே பாறையும் பள்ளமும். தவறி விழுந்து உயிரிழந்தோரும் முடமானோரும் இல்லாத கித்துள் கிராமம் அரிது.

இறக்கிய நீரின் முன்னே இரு வழிகள் உள்ளன. ஒன்று காலத்தின் வழி. மற்றொன்று நெருப்பின் வழி. காற்றிலும் பானையிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர், நீரிலுள்ள சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கும். காலையில் தேன்போல் இனித்த நீர் மாலையில் நுரைத்துக் கள்ளாகும். மேலும் நின்றால் புளித்துக் காடியாகும். இனிப்பைக் காக்க விரும்புவோர் இதைத் தடுத்தாகவேண்டும். யாழ்ப்பாணத்தில் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்குவர். கண்டியிலே 'ஹல்' எனப்படும் மரத்தின் பட்டையைப் பானையில் இட்டு நொதித்தலைத் தாமதிப்பர். இறக்கியவுடன் வடித்து, விறகடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக் குறுக்கினால் பாணி; மேலும் இறுக்கிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. விறகின் புகைமணம் அதிலே படிந்திருக்கும். தயிரும் கித்துட் பாணியும் சேர்ந்த விருந்தின் சுவைக்கு அப்புகைமணமும் ஒரு காரணம்.

கண்டி நாடு பெரும்பாலும் நெருப்பின் வழியைத் தேர்ந்தமைக்குச் சமயமும் துணைநின்றது. மயக்கந்தரும் பானத்தை விலக்குதல் பௌத்தரின் ஐந்தாவது சீலம். நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்ளாத பிக்குகளுக்கு, நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், சர்க்கரைப் பாகு ஆகிய ஐந்தும் மருந்தாக அனுமதிக்கப்பட்டவை. ஆகவே கள்ளாகிய கித்துள் நீர் விகாரையின் வாயிலுக்கு வெளியே நிற்க, பாகாகிய அதே நீர் உள்ளே காணிக்கையாகச் சென்றது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவரின் வாக்கைப் போற்றும் தமிழ் மக்களுக்கு இவ்வேற்றுமை எளிதில் விளங்கும்.

அதேவேளை, திராட்சை மதுவுக்கும் கண்டியில் ஒரு புனித இடம் உண்டாயிற்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்திலே, கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலே தமிழ் கற்று, 1692இல் கண்டியை அடைந்தார். ஒற்றன் என ஐயுற்ற அரசு முதலிற் சிறைவைத்தது. பின்னர் அவரது நற்பண்பைக் கண்டு மதித்தது. 1711இல் கண்டியிலேயே அவர் மறைந்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. திராட்சை விளையாத மலைநாட்டிலே, கடல் கடந்து வந்த அந்த இரசத்தின் ஒவ்வொரு துளியும் அருமையாகவே இருந்திருக்கும். விமலதர்மசூரியன் காலத்தில் பகையை விளைத்த பானம், வாஸ் அடிகளார் கையிலே வழிபாட்டுப் பொருளாயிற்று. பானத்தின் மதிப்பை ஏந்திய கையே தீர்மானித்தது.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தமிழ் பேசிய நாயக்க மரபின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். மலைநாட்டின் வாழ்க்கை முறை மாறத் தொடங்கியது. ஆங்கிலேயர் கடற்கரை நாட்டில் நடைமுறையிலிருந்த சாராயக் குத்தகை முறையை மலைநாட்டுக்கும் விரித்தனர். குறித்த பகுதியிலே சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர் தவறணைகளைத் திறந்தார். களுத்துறை, பாணந்துறைப் பகுதிகளிலே தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் வண்டிகளில் மலையேறியது. காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் எழுந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டபின் மலைச்சரிவுகள் தேயிலைக்கு உரியவாயின. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களிலே உழைத்தனர். தோட்டங்களைத் தொடர்ந்து தவறணைகளும் வந்தன. நாள் முழுதும் மழையிலும் குளிரிலும் நின்ற தொழிலாளியின் கூலியிலே ஒரு பகுதி சாராயக் குத்தகையாகி அரசின் கருவூலத்தை அடைந்தது.

இம்முறை இருவகைக் கேட்டை விளைத்தது. முதலாவது, குடி பெருகியது. இரண்டாவது, அரசுக்குச் சாராயம் வருமானப் பொருளாகவே, தன் தோட்டத்து மரத்திலிருந்து நீர் இறக்கிய கிராமத்தான் ஐயத்துக்குரியவன் ஆனான். பாணி காய்ச்சுபவனும் பானைதான் கட்டுகிறான். கள் விற்பவனும் பானைதான் கட்டுகிறான். காலையில் இறக்கும் நீர் மாலையில் தானே கள்ளாகிவிடும் தன்மையது. குடும்பத் தொழில், உரிமச் சீட்டுக்கும் சோதனைக்கும் உட்பட்ட தொழிலாக மாறியது.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையைச் சீர்திருத்த வந்தது. ஆனால் நாடெங்கும் தனிக் கள்ளுத் தவறணைகள் திறக்கப்படவே, மக்கள் கொதித்தெழுந்தனர். 1904இலேயே தோன்றிய மதுவிலக்கு இயக்கம் புத்துயிர் பெற்றது. டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனாநாயக்க முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். மதுவிலக்குக் கூட்டங்களே பின்னாளில் நாட்டு விடுதலைக்குக் குரல்கொடுத்த தலைவர்களின் பயிற்சிக்களமாயின. 1915இல் கண்டியில் மூண்ட கலவரத்தை அடுத்து இயக்கத்தின் தலைவர்கள் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். அவர்களுக்காக வாதாட இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதைத் தமிழ் நேயர்கள் நன்கறிவர்.

மதுவிலக்கு இயக்கம் செய்த நன்மை பெரிது. தவறணையால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை அது துடைத்தது. ஆயினும், குடியை எதிர்த்த நியாயமான சினத்தினிடையே, சீவுந் தொழிலாளியின் கைத்திறனுக்காகப் பரிந்து பேசுவோர் அரியராயினர். அத்தொழிலில் ஈடுபட்டோர் சமூகத்திலே தாழ்வாக நோக்கப்பட்டமையும் அதற்குத் துணைசெய்தது. கள்ளைப் பழித்தபோது, பாகு காய்ச்சும் கலையும் பழியிற் பங்குகொண்டது.

உள்ளூர்ப் பானத் தொழில் நலிந்து, பின்னர் தலையெடுத்த நாடொன்றின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. அந்நாடு ஸ்பெயின். 1878ஆம் ஆண்டளவில் பிலொக்செரா என்னும் சிறு பூச்சி அந்நாட்டுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தாக்கத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலைச்சரிவுத் தோட்டங்கள் பல பாழாயின. கட்டலோனியாவிலுள்ள பிரியோராத் என்னும் மலைநாடு அவற்றுள் ஒன்று. 12ஆம் நூற்றாண்டிலே துறவியர் அங்கு மடம் அமைத்துத் திராட்சை வளர்த்தனர். மடத்தின் பெயர் 'ஸ்காலா தேய்'. இறைவனின் ஏணி என்பது அதன் பொருள். 1835இல் மடத்தின் சொத்துக்களை அரசு பறித்தது. பின்னர் பூச்சி வந்தது. அதன்பின் இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கற்பலகைப் பாறை நிறைந்த செங்குத்தான சரிவுகளில் முதியோரும் முதிய கொடிகளுமே எஞ்சினர்.

ஸ்பானியர் செய்த மறுமலர்ச்சிக்கு அடிப்படை, ஊரின் பெயரைக் காத்தல். ரியோஹா என்னும் பகுதி 1925இலேயே தன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஷெறி எனும் மதுவால் உலகறிந்த ஹெரெஸ் நகரத்தின் பெயரும் 1930களிலே காக்கப்பட்டது. ஓர் ஊரின் பெயரை ஒட்டி விற்கும் மது அவ்வூர்க் கொடியிலேயே விளைந்து, அவ்வூர் முறைப்படியே ஆக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது அதன் விதி. பிரியோராத்திலோ, 1980களின் பிற்பகுதியில் ரெனே பார்பியே முதலிய சிலர் அப்பாழ்நிலத்தை நாடிச் சென்று, கைவிடப்பட்ட கொடிகளைப் பேணி, 1989ஆம் ஆண்டின் விளைவைக் கூட்டாக வடித்தனர். சுவைஞர்கள் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் நோக்கி, மணம் முகர்ந்து, நாவில் நிறுத்திச் சுவைத்தபோது, அம்மலையின் பாறையையும் வெயிலையும் அதிலே உணர்ந்ததாகப் புகழ்ந்தனர். கைவிடப்பட்ட ஊர்களுக்கு மக்கள் திரும்பலாயினர்.

இந்த உவமையைக் கண்டிக்கு அப்படியே பொருத்துதல் தவறு. திராட்சை மது ஆண்டுக்கணக்காக நிலவறையில் உறங்கும், மூத்தால் மதிப்பேறும், கப்பலேறி நாடு கடக்கும். கித்துட் கள்ளுக்கோ ஒரு நாளே ஆயுள். மரத்தடியை விட்டு அது தொலைதூரம் செல்லாது. மேலும், குடியினால் விளையும் துன்பத்தைத் தோட்டப்புறங்களும் கிராமங்களும் இன்றும் அறியும். ஆதலால், இங்கே புத்துயிர் பெறவேண்டியது மயக்கம் அன்று, கைத்திறன். நெருப்பின் வழியே கண்டிக்குரிய நெடுவழி.

இன்னொரு வேற்றுமை மேலும் கருதத்தக்கது. பிரியோராத்தில் மக்கள் பெயர்ந்த பின்னரும் முதிய கொடிகள் மண்ணிலே காத்திருந்தன. அரை நூற்றாண்டு கழித்து வந்தவரும் அவற்றைக் கண்டெடுக்க முடிந்தது. கித்துள் அவ்வாறு காத்திராது. பூக்கும் பருவத்தில் மருந்து வைத்துச் சீவாவிட்டால், குலை காய்த்து முதிரும். கடைசிக் குலையோடு மரமும் மடியும். மருந்தின் அளவு ஏட்டிலே எழுதப்படவில்லை. கத்தியை எந்தச் சாய்விலே வைப்பது, ஏடு எத்துணை மென்மையாக இருப்பது என்பது தொழிலாளியின் விரல்களுக்கே தெரியும். அவன் மறைந்தால், தேடி எடுப்பதற்கு எந்த நிலவறையிலும் எதுவும் எஞ்சியிராது.

மீமுரே முதலிய நக்கிள்ஸ் மலையோர ஊர்களிலும், உடுநுவர, யட்டிநுவரப் பகுதிகளிலும் பூ வெட்டுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் ஏறுபவர் முதியவர். இளைஞர் வேறு தொழில் நாடுகின்றனர். உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இருமுறை ஏறும் தொழிலுக்குக் கிடைக்கும் ஊதியம் அவர்களைக் கட்டி நிறுத்துவதில்லை. சந்தையிலோ வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சிய பாணி, தூய பாணியின் பெயரிலேயே விற்கப்படுகிறது. கலப்படம் செய்பவன் மரம் ஏறுவதில்லை. ஆகவே மலிவாக விற்கிறான். தூய பாணி ஆக்குபவன் அந்த விலைக்கு விற்க முடியாமல் அடுப்பை அணைக்கிறான். ஸ்பானியர் ஊர்ப்பெயரைக் காத்தமையின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

இத்துறையில் அரசின் கவனம் இல்லாமற்போகவில்லை. வடக்கிலே பனைக்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. 2020இல் தென்னை, கித்துள், பனை ஆகிய மூன்றையும் ஒருங்கே பெயரிற் கொண்ட இராஜாங்க அமைச்சு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2022இல் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. கறுவாவுக்குக் கைகூடிய காப்பு கித்துளுக்குக் கைகூடாது என்பதற்கில்லை. ஊரின் பெயரோடும் ஆக்கிய முறையோடும் பாணி விற்கப்படுமாயின், வாங்குபவர் நம்பிக் கூடுதல் விலை தருவர். பாதுகாப்பான ஏணியும் இடைக்கட்டும் தொழிலாளிக்குக் கிட்டும். தொழிலுக்கு மதிப்பும் பிறக்கும்.

நொக்ஸ் வாழ்ந்த எலதத்தவுக்கு அண்மையிலுள்ள தோட்டங்களிலே மரநாய் இன்றும் விதை தூவிச் செல்கிறது. ஆகவே மரத்துக்குப் பஞ்சம் இல்லை. இன்று முளைக்கும் கன்று பூப்பதற்கு 10, 15 ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்குள் ஒரு தந்தை தன் மகனுக்கோ, மகன் மறுத்தால் கற்க விரும்பும் எந்த இளைஞனுக்கோ, மருந்தின் அளவைச் சொல்லிக் கத்தியைக் கையளித்தாக வேண்டும். அரசன் போற்றியதும், விகாரை ஏற்றதும், சட்டம் ஐயுற்றதும் ஆகிய அந்த இனிய நீர் கண்டி நாட்டிலே தொடர்ந்து வடியுமா என்பது அதனைப் பொறுத்தே இருக்கிறது.